சிறுபோகத் தண்ணீர்: முறை வைப்பதா, பெத்மவா?

இலங்கையின் கல்லோயா வயல்களுக்குத் தண்ணீர் தரும் பெருங்குளமான சேனாநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் இறங்கிவிட்டால், வரண்ட காலத்துச் சிறுபோக நெற்செய்கைக்கான கூட்டத்தில் இரண்டு வழிகள் பேச்சுக்கு வரும். எல்லா வயலையும் விதைத்து, வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்துத் தண்ணீர் விடுவது ஒன்று. குளத்துக்குக் கிட்டிய காணியை மட்டும் செய்து, அதை அந்தப் போகத்துக்கு எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளும் பெத்ம மற்றது.

தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால் பெத்மதான் சிக்கனம். நீண்ட வாய்க்காலை நனைக்கவே போகும் தண்ணீர் மிஞ்சும். பழைய சிறுகுளக் கிராமங்களில் அது நன்றாகவே ஓடியது. அங்கே பங்காளிகள் எல்லாரும் ஒரே ஊரார். ஆனால் கல்லோயாவின் இடதுகரை வாய்க்காலில் மேலே சிங்கள விவசாயிகள், கடைசிக் கண்டங்களில், அதாவது வாய்க்கால் முடிகிற வயல் தொகுதிகளில், தமிழர். முன்பின் பழகாத ஊரில், இன்னொருவரின் வயல் வரவையில் ஒரு போகம் மட்டும் இறங்கி விதைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? குத்தகைக்குச் செய்பவருக்குப் பங்கு கிடைக்குமா என்பதும் பெரிய கேள்வி.

முறைத் தண்ணீரின் நோவு எனக்குத் தெரியும். பயிர் கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நிற்க, இரவு இரண்டு மணிக்கு டோர்ச்சோடு, வயலுக்குத் தண்ணீர் பாயும் வக்கடையடியில் குந்தியிருந்திருக்கிறேன். வந்தது கணுக்கால் நனையாத தண்ணீர். மேலே யாரோ வாய்க்காலை மறித்திருந்தார்கள். தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டை விதானையார் கொப்பியில் எங்கள் முறையைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். தண்ணீர்தான் வந்து சேரவில்லை.

ஆனாலும் என் தெரிவு முறைத் தண்ணீர்தான். 1981இல் அதே இடதுகரையில், குளம் கால்வாசி மட்டும் நிரம்பியிருந்தபோது, விவசாயிகள் வாய்க்கால் வாய்க்காலாகக் குழு சேர்ந்தார்கள். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் அனுப்பிய இளம் அமைப்பாளர்கள் வயல்களுக்குள்ளேயே தங்கி வேலை செய்தார்கள். எல்லாரும் கூலியில்லாமல் சேர்ந்து செய்த சிரமதானத்தில் வாய்க்கால் துப்புரவானது. மேல்வாய்க்கால்காரர் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். அதிகாரிகள் கட்டளையிட்டு நடந்ததல்ல அது. ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசியதால் நடந்தது. 1997 வரட்சியிலும், கொஞ்சக் காணிக்குத்தான் தண்ணீர் காணும் என்று சொல்லப்பட்டபோது, விவசாயிகள் இடதுகரை முழுவதையும் விதைத்து அறுவடை செய்தார்கள்.

குளம் கால்வாசிக்கும் கீழே போனால் பெத்மவை எடுக்கலாம். மற்ற வருடங்களில் முறையை வைப்போம். ஆனால் முதல் முறை கடைசிக் கண்டத்துக்கு. தண்ணீர் திறக்கும் நாளில் மேல்வாய்க்காலில் ஒருவர், கீழ்வாய்க்காலில் ஒருவர் என இரண்டு பேர் சேர்ந்து மதகடியில் நிற்கவேண்டும். வருகிற கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன்.