தாலந்திலிருந்து ஹூன் வரை: ஓர் எடைமாற்றுச் செயலி

மலேசியாவில் முதலாம் படிவ மாணவர்கள் வரலாற்றில் கிரேக்க நாகரிகத்தைப் படிக்கும்போது, ஒரு தாலந்து வெள்ளி என்றால் எவ்வளவு என்று கேட்காமல் விடுவதில்லை. சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில் இதற்காகவே கைப்பேசிச் செயலி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். பண்டைக் கிரேக்க எடைகளை கட்டி, தாஹில், சி, ஹூன் ஆகிய நம் ஊர்ப் பழைய எடைகளாகவும், கிரெய்ன் என்ற ஆங்கிலச் சிற்றெடையாகவும் மாற்றித் தருவதே அதன் வேலை.

அதன் சிறப்பு படிக்கட்டுத் திரைதான். ஒரு தாலந்தைத் தட்டினால் அது 60 மினாவாகவும், மினா 100 டிராக்மாவாகவும், டிராக்மா 6 ஓபோலாகவும், ஏதென்ஸ் முறைப்படி ஓபோல் 8 கால்கோஸாகவும் கீழிறங்கி விரிகின்றன. ஒவ்வொரு படிக்கு எதிரிலும் நம் ஊர் அளவு நிற்பதால், மாணவர்கள் தாங்களாகவே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: ஒரு மினா 11.55 தாஹில் என்றால், ஒரு டிராக்மாவும் அதே 11.55 ஹூன்தான். மினாவுக்கு 100 டிராக்மா இருப்பதைப் போலவே தாஹிலுக்கும் 10 சி, சிக்கு 10 ஹூன் என 100 ஹூன் இருப்பதால் வரும் பொருத்தம் இது. நான் விளக்கியிருந்தால் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

குறைகளில் பெரியது கட்டிக் கணக்கில் உள்ளது. செயலி இயல்பாகவே சீனப் பெருநிலத்தின் 500 கிராம் கட்டியை எடுத்துக்கொள்வதால், ஒரு தாலந்து 52.4 கட்டி என்று காட்டுகிறது. மலேசியாவில் நாம் அறிந்த கட்டி 16 தாஹில் கொண்டது, சுமார் 604.79 கிராம், அதன்படி விடை 43.3 கட்டிதான். மீன் வாங்கக் கட்டிக் கணக்குப் பேசும் பாட்டிமார் இருக்கும் ஊரில் இந்தத் தவறு உடனே அகப்பட்டுவிடும். அமைப்புப் பகுதியில் இதைத் திருத்தலாம் என்றாலும், அதைத் தேடிக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும்.

அடுத்தது, தேவையற்ற துல்லியம். கால்கோஸை 0.0909583 கிராம் என ஏழு தசம இடங்களுக்குக் காட்டுவது வேடிக்கை. மினாவை 436.6 கிராம் என்று வைத்துக்கொண்டதால் வந்த எண் அது. அட்டிக் (ஏதென்ஸ் முறை) டிராக்மாவைச் சிலர் 4.3 கிராமாகக் கொள்வர். அப்படிக் கணக்கிட்டால் ஒரு தாலந்தில் மட்டும் 10 தாஹிலுக்கு மேல் குறைந்துவிடும். ஏஜினாத் தீவின் டிராக்மாவோ 6 கிராமுக்கும் சற்று அதிகம், அதாவது 16 ஹூனைத் தொட்டுவிடும். எந்த நகரத்தின் எடைமுறை என்று கேட்காமலே விடை தரும் செயலியை ஆய்வுக் கட்டுரைக்கு நம்ப முடியாது; வகுப்புக்கு, ஏறத்தாழ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

இணையம் இல்லாமலே இயங்குவது, தோட்டப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. மொழித் தெரிவில் மலாயும் ஆங்கிலமும் மட்டுமே உள்ளன. விளம்பரத்தை நீக்கக் கட்டணப் பதிப்பு உண்டு, ஆனால் அதில் ஏஜினா எடைமுறையும் இல்லை, கட்டியும் முன்கூட்டியே திருத்தப்பட்டிருக்கவில்லை. எனவே இலவசப் பதிப்பையே இறக்கி, முதல் வேலையாகக் கட்டியை 604.79-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.