சோலார் கொட்டேஷன் வாங்கியிருக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

மதுரைப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் சோலார் மாட்டிவிட்டு, இப்போது போனையே எடுக்காத ஒரு நிறுவனத்தால் பட்டது இது.

வந்த ஆள் அப்பாவிடம் இபி பில்லை வாங்கிப் பார்த்தார். 480 யூனிட். "நாளைக்கு 16 யூனிட் ஓடுது சார், 4 கிலோவாட் போட்டாத்தான் சரியா வரும்" என்றார். தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா? 480ஐ 60 நாளால் வகுத்தால் 8 யூனிட்தான். 1 கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், அப்படியென்றால் எங்களுக்கு 2 கிலோவாட்டே போதும். தெரிந்தே இரண்டு மடங்கு தலையில் கட்டிவிட்டார்.

மூன்றே வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று வேறு சொன்னார். முதல் 100 யூனிட் இலவசம் போக, 480 யூனிட்டுக்கு நாங்கள் கட்டியது 1,700 ரூபாய்க்குள். பில்லே வராமல் போனாலும் வருஷத்துக்கு மிச்சம் 10,000 ரூபாய்தான், அவர் வாங்கியதோ 2,40,000. ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடுகளுக்கு ரேட்டே வேறு, அங்கே சோலார் நன்றாகவே லாபம் தரும், அதை நான் மறுக்கவில்லை.

மானியத்தில்தான் பெரிய அடி. மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000. ஆனால் பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், அதைத்தான் டிசிஆர் பேனல் என்கிறார்கள். எங்களுக்கு மாட்டியது அது இல்லை, அதனால் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

அப்புறம் கரண்ட். "ஊரே இருட்டானாலும் உங்க வீட்ல லைட் எரியும்" என்றார்கள். பேட்டரி இல்லாமல் இபி லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர், நம் பேனல் கரண்ட் லைனுக்குப் போய் அங்கே வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மதிய வெயிலில் கரண்ட் போய் வீட்டில் ஃபேன் நின்றபோதுதான் எங்களுக்கு இது தெரிந்தது.

டிசிஆர் பேனல்தான் என்பதையும், மானியம் கிடைக்காமல் போனால் அந்தத் தொகைக்கு யார் பொறுப்பு என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள், மாட்டும் நாளன்று பேனல் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மானியம் நேராக நம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதுவும் நாம் லைனிலிருந்து எடுக்கும் கரண்ட், லைனுக்குக் கொடுக்கும் கரண்ட் இரண்டையும் அளக்கும் நெட் மீட்டர் மாட்டிய பிறகு. "நாங்களே கழிச்சுக்கிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.