தைராய்டு ஆபரேஷனா? கால்சியம் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்

ரங்கூனில் தைராய்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆஸ்பத்திரி பெயரைக் கேட்காதீர்கள், நம் ஆட்கள் வட்டம் சின்னது.

அக்காவுக்குக் கழுத்தில் வலப்பக்கம் மட்டும் கட்டி. ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை என்றுதான் வந்தது. அப்படி இருந்தால் பெரும்பாலும் தைராய்டின் அந்தப் பக்கத்துப் பாதியை எடுத்தாலே போதும், பலருக்கு அப்புறம் மாத்திரைகூட வேண்டியிருக்காது. இதை வேறு டாக்டர் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. இவர்கள் "முழுசா எடுத்திடலாம், தொந்தரவே இல்லை" என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

தைராய்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் பாராதைராய்டு என்று நாலு குட்டிச் சுரப்பிகள் உண்டு, அரிசி அளவுதான். ரத்தத்தில் கால்சியத்தைக் குறையாமல் பார்த்துக்கொள்வது அவைதான். முழுத் தைராய்டையும் எடுக்கும்போது அவை அடிபட்டால் முதல் ரெண்டு மூணு நாளில் கால்சியம் இறங்கும். அக்காவுக்கோ டெஸ்ட் எதுவும் எடுக்காமல் மறுநாள் காலையிலேயே டிஸ்சார்ஜ்!

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் சாயங்காலம், "தம்பி, உதட்டைச் சுத்தி எறும்பு ஊருதுடா" என்றாள். கொஞ்ச நேரத்தில் வலதுகை விரல்கள் நீட்டியபடியே ஒன்றோடொன்று கூம்பி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. பிடித்து விரித்தாலும் விரியவில்லை. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் அங்கிருந்த சயாமா (நர்சம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), "பயத்துல வர்றது, படுக்கச் சொல்லுங்க" என்கிறார். தாக்கேத்தாவிலிருந்து டாக்சி பிடித்து வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கால்சியம் 6.8. குறைந்தது 8.5 இருக்க வேண்டுமாம். கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றிய பிறகுதான் விரல்கள் விரிந்தன.

அங்கே பழைய மருந்துச் சீட்டைப் பார்த்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். தைராய்டுக்குப் பதிலாகப் போடும் தைராக்சின் மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் காலையில் ஒன்றாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். கால்சியம் கூடவே போனால் தைராக்சின் உடம்பில் ஒழுங்காகச் சேராது. தைராக்சின் வெறும் வயிற்றில், காலையில் சாப்பிடும் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) எல்லாம் அரைமணி நேரமாவது கழித்துத்தான். கால்சியத்துக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

கால்சியம் இறங்குவது கைராசிக்கார சர்ஜனிடமும் நடக்கும், அதற்காக யாரையும் திட்டவில்லை. பார்க்காமல் அனுப்பியதுதான் எரிகிறது. அதைவிட எரிவது பில். எடுத்த கட்டியைப் பரிசோதித்ததற்கென்று தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். ரிப்போர்ட் கேட்டால் "வரும், வரும்". கடைசியில் அவர்கள் சொன்ன லேபுக்கே போனேன். அக்கா பெயரில் அங்கே எதுவும் வரவே இல்லை.

கையெழுத்துப் போடுமுன் பாதியா முழுசா, ஏன் என்று கேளுங்கள். வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறார் என்று சர்ஜனையே கேளுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். கட்டியின் ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் கணக்கை முடிக்காதீர்கள்.

பில்லின் ஒரிஜினலைக் கொண்டுவந்தால் டெஸ்டு பணத்தைத் திருப்பித் தருவதாக இப்போது அவர்களே கூப்பிட்டார்கள். காப்பி வேண்டுமானால் தருகிறேன் என்றேன். அப்புறம் போனே இல்லை.