வண்டி அருமை, நிறுத்தும் முறைதான் சரியில்லை

மூன்று மாதமாக வாடகை மின்மிதிவண்டியில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். ஓட்டுவதற்கு நிஜமாகவே நன்றாக இருக்கிறது. மிதிக்க ஆரம்பித்ததும் 250 வாட் மோட்டார் பின்னாலிருந்து யாரோ மெதுவாகத் தள்ளிவிடுவது போல இருக்கும், மேட்டில்கூட மூச்சு வாங்குவதில்லை, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் தானாக ஒதுங்கிக்கொள்ளும். பேட்டரி தீர்ந்த வண்டி ஒன்றிரண்டு முறை மாட்டியது, அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் நிறுத்துவதில்தான். எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம் என்பதால் நடைபாதையின் குறுக்கே, அதுவும் சக்கர நாற்காலி இறங்கும் சரிவிலேயே சாய்த்துவிட்டுப் போகிறார்கள். போன வாரம் அம்மாவை நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது அந்தச் சரிவில் ஒன்று கிடந்தது. நல்ல கனம், பின்சக்கரம் வேறு பூட்டியிருந்தது, நகர்த்த முடியாமல் திரும்பிப் போய் சாலையில் இறங்கித்தான் சுற்றிப் போனோம், பக்கத்தில் லாரி உரசிக்கொண்டு போனபோது அம்மா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பார்வையில்லாத நண்பர் ஒருவருக்கு இன்னும் மோசம்: வெள்ளைக் கோல் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நுழைந்துவிடும், ஹேண்டில்பார் நேராக விலாவில் இடிக்கும்.

செயலியில் புகார் செய்தேன். நன்றி என்று ஒரு பதில், வண்டி மறுநாள் வரை அங்கேயே. ஒரு கார் நிற்கும் இடத்தில் பல மிதிவண்டிகள் நிற்கும். சாலையோரம் அப்படிக் கோடு போட்டு, அதற்குள் நிறுத்தினால்தான் கட்டணம் நிற்கும் என்று வைத்துவிட்டால் போதும். அப்புறம், மூன்று சக்கர வண்டிகளும் கொஞ்சம் சேர்க்கலாம், இரண்டு சக்கரத்தில் சமநிலை வராதவர்களும் ஓட்டட்டும். அதுவரை ஐந்துக்கு மூன்றுதான் தருவேன்.