புது விண்டோஸுக்குக் காத்திருப்பதா, ஏப்ரல் உபுண்டுவுக்கா, இல்லை இன்றைக்கே மின்ட்டா?

போன வாரம் பள்ளிக்கூடம் விட்ட நேரம், ஹட்டனில் எங்கள் கொமியூனிகேஷன் கடைக்கு ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளை வந்தாள். மழைக்கு பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்தாள். "அண்ணே, விண்டோஸ் 10க்கு இனிமே அப்டேட் வராதுன்னு காட்டுது. புதுசா ஒண்ணு வரப்போகுதுன்னு சொல்றாங்க. அது வர்ற வரைக்கும் இப்படியே வச்சிருக்கவா?"

இந்தக் கேள்வியோடு இந்த மாதம் மட்டும் பல பேர் வந்துவிட்டார்கள். டீச்சர்மார், தோட்ட ஒப்பிஸ் கிளார்க், டியூஷன் நடத்துகிற தம்பி, எல்லோருக்கும் இதே குழப்பம். அதனால் விண்டோஸையும், அதற்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் இயங்குதளங்களான உபுண்டு, மின்ட் இரண்டையும் ஒப்பிட்டு நிதானமாகவே எழுதிவிடுகிறேன்.

அவளுடைய இயந்திரம் ஆறாம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜிபி ரேம், சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க். கொழும்பிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட். நம் பக்கத்து வீடுகளில் இருக்கிற மடிக்கணினிகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். எனவே இந்த அலசலும் இந்த வகை இயந்திரத்தை மனதில் வைத்துத்தான்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அதற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. கணினி அதற்காக நின்றுபோகாது, முன்போலவே ஓடும். ஆனால் இனிக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைத்துத் தரமாட்டார்கள். வங்கிக் கணக்கு, பரீட்சை விண்ணப்பம், வெளிநாட்டு வேலைக்கான படிவம் எல்லாவற்றையும் அதே இயந்திரத்தில் திறக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இடைக்கால வழி ஒன்று உண்டு. மைக்ரோசொஃப்ட் கணக்கில் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். கணினி அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் காசு கேட்பதில்லை. இல்லாவிட்டால் 30 டொலர். அது ஏறக்குறைய 9,000 ரூபாய். 2026 பட்ஜெட் சொன்ன 1,750 ரூபாய் நாட்சம்பளக் கணக்கில் பார்த்தாலும் ஐந்து நாள் கொழுந்து எடுக்க வேண்டும். அதுவும் ஒரு வருடத்துக்கு மட்டும்.

சரி, காத்திருந்தால் என்ன வரும்?

விண்டோஸ் பக்கம் முதலில். 2025 செப்டம்பர் 30 அன்று வந்த விண்டோஸ் 11இன் 25எச்2 பதிப்பு, முந்தைய 24எச்2வின் அடித்தளத்திலேயே நிற்கிறது. உள்ளே ஏற்கெனவே இருந்தவற்றை இயக்கிவிடும் சின்னப் பொதி அது. அதன் பிறகு அறிவிக்கப்படுகிற புதுமைகள் பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவைச் சுற்றித்தான்: கோபைலட் என்ற உதவியாளரோடு பேசுவது, திரையில் இருப்பதை அது பார்த்து உதவுவது, நேற்றுப் பார்த்ததை இன்று தேடி எடுத்துத் தருவது. இவற்றில் கனமானவை கோபைலட் பிளஸ் என்ற வகைக் கணினிகளுக்கு மட்டுமே உரியவை. அந்த முத்திரைக்கு 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு, விநாடிக்கு 40 இலட்சம் கோடி கணக்குகள் போடும் தனிச் சில்லு எல்லாம் வேண்டும். அந்தப் பிள்ளையின் இயந்திரத்துக்கு விண்டோஸ் 11இன் வாசலே திறக்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. 2021இல் வைத்த இந்த நிபந்தனையை மைக்ரோசொஃப்ட் இன்றுவரை தளர்த்தவில்லை. வருகிற பதிப்பு தளர்த்தும் என்று நினைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

குறுக்கு வழியில் 11ஐப் போட்டுத் தருகிற கடைகள் இருக்கின்றன. போடலாம், ஓடும். ஆனால் அப்படிப் போட்ட இயந்திரத்துக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பை ஒவ்வொரு தடவையும் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும். கோர் 2 டுவோ இயந்திரங்களில் 24எச்2 முதற்கொண்டு அதுவும் நடக்காது. அந்தப் பழைய சிப்பில் இல்லாத கட்டளைகளை அது கேட்கிறது. சில பாடசாலைக் கணினி அறைகளில் இன்னும் அந்த இயந்திரங்கள்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதன்முதலாக அமைக்கும்போது இணையமும் மைக்ரோசொஃப்ட் கணக்கும் கேட்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மண்சரிவில் பாதைகள் அடைபட்ட நாட்களை நாம் மறக்க முடியாது. கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. பிள்ளைகளின் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் இணையச் சேமிப்பில் மட்டும் வைத்திருந்தவர்கள் கரண்டு வந்த பிறகும் அவற்றைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இணையம் இல்லாமலும் தன் வேலையைச் செய்கிற கணினிதான் மலைக்கு வேண்டும். இதை நான் ஓர் அம்சமாகவே எண்ணிப் பார்க்கிறேன், முதல் வரிசையில் வைத்து.

அதே காரணத்துக்காகத்தான் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்ற இயங்குதளத்தை நான் யாருக்கும் முதலில் சொல்வதில்லை. கூகுள் இலவசமாகத் தருகிறது, 4 ஜிபி ரேமிலும் சுறுசுறுப்பாக ஓடுகிறது. ஆனால் கூகுள் கணக்கையும் இணையத்தையும் நம்பியே இருக்கிறது, ஆண்ட்ராய்டு செயலிகளும் அதில் வராது. நல்ல ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் பிரௌசர் மட்டும் போதும் என்பவர்களுக்குப் பொருந்தும். ஆப்பிள் பக்கம் போகவே இல்லை. கடைக்கு வருகிற இயந்திரங்களில் அது அபூர்வம்.

மீதி இரண்டு: உபுண்டு, மின்ட்.

2026 ஏப்ரல் 23ஆம் திகதிக்கு உபுண்டு 26.04 குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. ஐந்து வருடம் இலவசத் திருத்தம். உபுண்டு புரோவில் பதிந்தால் அது பத்து வருடம்வரை நீளும், சொந்தப் பாவனைக்கு ஐந்து இயந்திரங்கள்வரை காசில்லை. நான் உண்மையிலேயே ஆவலோடு பார்த்திருக்கிற பதிப்பு இதுதான். திரையைக் கையாளுகிற பழைய எக்ஸ்11 முறையை விட்டுவிட்டு முழுக்க வேலேண்டு என்ற புது முறைக்கு மாறுகிற முதல் நீண்ட காலப் பதிப்பு. நிர்வாகி அதிகாரம் கொடுக்கிற சுடோ கருவியும் நினைவகப் பிழைகளுக்கு இடம்கொடுக்காத ரஸ்ட் மொழியில் எழுதிய புது வடிவத்துக்கு மாறியிருக்கிறது. இவற்றை 2025 ஒக்டோபரில் வந்த 25.10இல் போட்டு ஆறு மாதம் சோதித்துவிட்டுத்தான் இங்கே கொண்டுவருகிறார்கள். ஆனால் தூரத்திலிருந்து திரையைப் பார்த்து உதவுகிற மென்பொருள்களில் சில வேலேண்டில் இன்னும் தடுமாறுகின்றன. கொழும்பிலிருக்கிற அண்ணன் அப்படித்தான் தங்கைக்குக் கணினி திருத்துவார் என்றால், அதை முதலில் சோதித்துப் பாருங்கள். 24.04 வைத்திருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். 26.04.1 வந்த பிறகுதான் மேம்படுத்தல் அழைப்பு தானாக வரும்.

அப்புறம் ஏன் மின்ட்?

முதல் காரணம் டேட்டா. மின்ட் இறக்க ஏறக்குறைய 3 ஜிபி. உபுண்டு அதன் இரட்டிப்புக்குக் கிட்ட, விண்டோஸ் 11 அதற்கும் மேல். நைட் டேட்டாவை நம்பி அலாரம் வைத்து எழும்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். போட்ட பிறகும் இதே கதைதான். உபுண்டுவில் ஃபயர்பொக்ஸ் உட்படச் சில மென்பொருள்கள் ஸ்னாப் பொதியாக வருகின்றன, அவை தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். கட்டளை கொடுத்து நிறுத்திவைக்கலாம், ஆனால் அது எத்தனை பேருக்குத் தெரியும்? மின்ட் 2020 முதல் ஸ்னாப்பைத் தவிர்த்தே வருகிறது. அதில் புதுப்பித்தல் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை எம்பி என்று காட்டவும் வைக்கலாம். வேண்டியதை டிக் செய்து, வேண்டாததை விட்டுவிடலாம். விண்டோஸிலும் இணைப்பை அளவிட்ட இணைப்பு (மீட்டர்ட் கனெக்ஷன்) என்று குறித்துவைத்தால் இறக்கம் குறையும். இன்னும் 10இல் இருப்பவர்கள் இன்றைக்கே அதைச் செய்துவையுங்கள்.

இரண்டாவது காரணம் தமிழ். என் அன்றாட வேலையே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கையில் தமிழ்க் கடிதம் என்றால் இன்றைக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருதான். விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து தட்டு தட்டினால் 'தமிழ்' என்று வரும். ஜே தகரம், கே மகரம், பி கொக்கி, ஓ ழகரம், அரைப்புள்ளி மேற்புள்ளி. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள் அப்படியே நிற்கும். தோட்டத்து ஐயா ஒருவர் பிரதேச செயலகத்துக்கு எழுதிய காணிக் கடிதத்தை வேறு இடத்தில் அச்செடுக்கப்போய், பக்கம் முழுக்க இப்படிக் குறிகளாக வந்த தாளோடு என்னிடம் வந்தார். பஸ் காசும் போய், ஒரு நாள் வேலையும் போயிருந்தது.

குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸில் நாமாக ஓர் எழுத்துருவைக் கணினிக்குள் போட வழியில்லை, எனவே பாமினிக் கோப்புகளுக்கு அது சரிவராது. விண்டோஸிலும் மின்ட்டிலும் உபுண்டுவிலும் எழுத்துருக் கோப்பை இரண்டு தட்டில் நிறுவிவிடலாம். லிப்ரே ஒப்பிஸ் என்ற இலவச மென்பொருள் அந்தக் கடிதங்களை ஒழுங்காகத் திறக்கிறது.

ஆனால் இனி எழுதுகிறதை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் எழுதுங்கள் என்றுதான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். விண்டோஸில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. தமிழ்நாட்டு முறையில் பழகியவர்களுக்கு அது நல்ல வசதி. நம்மவர்களின் விரல் பழகியது பழைய தட்டச்சு யந்திரத்தின் வழியில். அந்த வழியில் வந்த ரெங்கநாதன் அமைப்பு விண்டோஸில் உள்ளே இல்லை, வெளியிலிருந்து ஒரு மென்பொருளைத் தேடிப் போட வேண்டும். மின்ட்டிலோ உபுண்டுவிலோ ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும் எம்17என் என்ற விசைப்பலகைப் பொதியும் போட்டால், பட்டியலில் இலங்கை ரெங்கநாதன் என்றே அது நிற்கிறது. பாமினியில் தட்டிய கை பெரும்பாலான எழுத்துகளை அதே இடத்தில் காணும். எழுதுவது யூனிகோட், எந்தப் போனிலும் திறக்கும். 2026 ஜனவரியில் வந்த மின்ட் 22.3இல் விசைப்பலகை அமைப்புகளையும் ஐபஸ் உள்ளீட்டு முறைகளையும் கையாளும் விதத்தை இன்னும் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். எனக்கு இதுதான் இந்த வருடத்தின் பெரிய புது அம்சம்.

பேசி எழுத விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. குரோம் பிரௌசரில் கூகுள் டொக்ஸைத் திறந்து, குரல் தட்டச்சில் தமிழ் (இலங்கை) என்று தெரிவு செய்யலாம். இணையம் இருக்கும்போது எந்தக் கணினியிலும் வேலை செய்யும். இதற்காகப் புது விண்டோஸ் வாங்கத் தேவையில்லை.

மின்ட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கடையில் இருந்த ஒரு பழைய லேசர் பிரிண்டரை அதில் ஓட வைக்க இரண்டு நாள் போராடினேன், கடைசியில் முடியவில்லை. பிரிண்டர் வைத்திருப்பவர்கள் பென் ட்ரைவிலிருந்து மின்ட்டை ஓட்டி, அச்சு வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டே நிறுவ வேண்டும். திருமண அழைப்பிதழ் செய்கிற கடைக்காரர்களுக்கு ஃபோட்டோஷொப் அதில் வராது. தோட்ட ஒப்பிஸில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவு போடும் மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதியது. அந்தக் கிளார்க் அண்ணனுக்கு நான் சொன்னது வேறு: 2026 ஒக்டோபர்வரை 10க்கான நீட்டிப்பைப் பதிந்துகொள்ளுங்கள், அதற்குள் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ ஓர் இயந்திரத்தை ஒப்பிஸைக் கேட்டு வாங்குங்கள், விண்டோஸ் 11 போடுங்கள். ஏற்கெனவே 11 ஓடுகிற புது இயந்திரம் வைத்திருப்பவர்களும் மாற வேண்டிய அவசியமில்லை.

பாடசாலைக் கணினி அறைக்கு மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ரேமில் தொடங்கும், 4 இருந்தால் நிம்மதி. டியூஷன் தம்பியிடம் 16 ஜிபி ரேம் இருக்கிறது, புதியதைக் கற்க ஆசையும் இருக்கிறது. அவர் ஏப்ரலுக்குக் காத்திருந்து உபுண்டு 26.04 போடட்டும். மற்றவர்களுக்கு மின்ட் 22.3, இன்றைக்கே. 2029 ஏப்ரல்வரை அதற்குத் திருத்தங்கள் உண்டு, அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போய்ப் பாதிப் படிப்பு தாண்டும்வரை.

அன்றைக்கு அவளுடைய இயந்திரத்தை பென் ட்ரைவிலிருந்து மின்ட்டில் தொடங்கிக் காட்டினேன். நிறுவவில்லை, வெறும் பரீட்சார்த்தம்தான். ரெங்கநாதன் அமைப்பைப் போட்டுக் கொடுத்ததும் தன் பெயரை அடித்தாள், பிறகு பாடசாலைப் பெயரை அடித்தாள். அம்மாவின் போனுக்கு அனுப்பித் திறந்து பார்த்தாள், எழுத்து உடையாமல் வந்தது. சனிக்கிழமை 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மின்ட்டை அதில் போடுவேன். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, விண்டோஸ் 10ஓடும் அவளுடைய கோப்புகளோடும் அப்படியே உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன்.