இளைஞர் பூங்காவின் சனிக்கிழமை ஓட்ட வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

மலேசியாவின் பினாங்கு இளைஞர் பூங்காவில் சனிக்கிழமைதோறும் காலை ஏழரை மணிக்கு, நான்காம், ஐந்தாம் படிவங்களில் (பதினாறு, பதினேழு வயது வகுப்புகளில்) பயிலும் இடைநிலைப்பள்ளி ஓட்டக்காரர்கள் சிலர் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் ஓட்டப் பயிற்சி அளித்து வருகிறார்கள். அந்த வகுப்புக்குப் பெயரும் இல்லை, பதாகையும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த நான்கு வரிச் செய்தியைப் பார்த்துத்தான் என் மகனைச் சேர்த்தேன். நான்காம் ஆண்டில் படிக்கும் அவன், ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, மழையும் உறவினர் வீட்டுத் திருமணங்களும் போக, இருபத்து மூன்று வகுப்புகளுக்குச் சென்றான். பிள்ளையை அனுப்பலாமா என்று பள்ளி வாசலில் கேட்கும் அம்மாக்களுக்கு ஒவ்வொரு முறையும் அரைகுறையாகப் பதில் சொல்லி வந்தேன். முழுப் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

இதற்கு முன் அவனை மாதம் 120 ரிங்கிட் கட்டணத்தில் ஒரு தனியார் வகுப்பில் சேர்த்திருந்தேன். அங்கே சீருடை இருந்தது, சான்றிதழ் இருந்தது, கூம்புகளும் சிறு தடைகளும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஆனால் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரே பயிற்றுநர் என்பதால், ஒரு மணி நேரத்தில் என் மகன் ஓடியதைவிடத் தன் முறைக்காக வரிசையில் நின்றதுதான் அதிகம். இளைஞர் பூங்காவில் நிலைமை தலைகீழ். பதினான்கு பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் ஆறு பேர் வந்தார்கள். அவர்கள் ஓரமாக நின்று விசில் ஊதுவதில்லை. பிள்ளையின் பக்கத்திலேயே ஓடுகிறார்கள்.

அவர்களுடைய முதல் விதி என்னை உடனே கவர்ந்தது. ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறார்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்ப்பது பயிற்றுநர்கள் எல்லாரும் அறிந்த முறைதான். அதை வாய்ப்பாடாக மாற்றிய யோசனை ஐந்தாம் படிவப் பெண் ஒருத்தியுடையதாம். "ஏழு ஏழு" என்ற இடத்தில் எவன் திணறுகிறானோ அவன் நடக்க வேண்டும். வேகத்தால் திணறுகிறானா, கணக்கால் திணறுகிறானா என்பது வேறு விஷயம். குறுக்கோட்டப் போட்டியில் முதல் முந்நூறு மீட்டரைப் புயலாகப் பறந்துவிட்டு, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்காரும் வழக்கம் என் மகனுக்கு உண்டு. அவ்வழக்கம் மார்ச் மாதத்திற்குள் போய்விட்டது. "நானும் ஆறாம் ஆண்டுல அப்படித்தான் உட்கார்ந்தேன், ஆண்டி" என்று அவனுக்குப் பயிற்சி அளிக்கும் பையன் என்னிடம் சொன்னான். நாற்பது வயதுப் பயிற்றுநருக்கு இந்தத் தவறு பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு குறிப்பு. பதினாறு வயதுப் பையனுக்கு அது நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் பட்ட அவமானம். பிள்ளைகள் இவர்கள் பேச்சைக் கேட்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மிகவும் நினைவில் நின்ற வகுப்பு இன்னொன்று உண்டு. ஐம்பது மீட்டர் நாடாவை நான்கு முறை நீட்டி, திடலோரப் பாதையில் 200 மீட்டரை அளந்து சுண்ணாம்புக்கோடு போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக ஓடவிட்டு நேரத்தை எழுதினார்கள். என் மகனுக்கு 43 விநாடி. பிறகு அந்தத் தாளின் அடியில் 20.92 என்று எழுதி, இது யாருடைய நேரம் என்று கேட்டார்கள். மலேசிய ஓட்ட வீரர் டாக்டர் எம். ஜெகதீசன் 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஓடிய நேரம் அது. அந்தத் தேசியச் சாதனை முறியடிக்கப்பட 49 ஆண்டுகள் ஆயின, 2017-இல்தான் கைமாறியது. 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் மூன்று தங்கம் வென்றதையும், ஓடிக்கொண்டே மருத்துவம் படித்ததால் 'பறக்கும் மருத்துவர்' என்று பெயர் பெற்றதையும் சொன்னபோது பின்வரிசையில் நின்ற பெற்றோர்களும் நிமிர்ந்தார்கள். விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு தந்தை அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. "பொண்ணுங்க யாரும் ஓடலையா, அக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அதே பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்ற தாப்பா ஊர்க்காரர் எம். ராஜாமணியின் கதை அப்போது வந்தது. அவ்வாண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட தேசிய விளையாட்டு விருதுகளை அவரும் ஜெகதீசனும்தான் பெற்றார்கள் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

காலணிக் கூடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் கறுப்புப் பள்ளிக் காலணியிலேயே ஓடுவதைக் கண்ட இந்த மாணவர்கள், தங்கள் பள்ளியிலும் குடியிருப்பிலும் பழைய ஓட்டக் காலணிகளைத் திரட்டி ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைக்கிறார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், கேள்வி கிடையாது. கிடைத்ததையெல்லாம் கூடையில் போட்டுவிடுவதில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் நெடுநாள் கிடந்த காலணிகளில், பாலியுரேத்தேனால் ஆன அடிப்பாகம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இற்றுப்போய், ஓடும்போது துண்டு துண்டாக உதிர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் முன்பாதியில் மடக்கிப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் ஒதுக்கிவிடுகிறார்கள். தேறியதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துகிறார்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடுமாம். என் மகனின் கால் ஏழு மாதத்தில் இரண்டு அளவு வளர்ந்துவிட்டதால் நாங்களும் ஒரு ஜோடியைப் போட்டோம். அடுத்த வாரமே அது வேறு ஒரு சிறுவனின் காலில் ஓடிக்கொண்டிருந்தது. என் மகன் அதைப் பார்த்து, "அம்மா, என் சப்பாத்து என்னை முந்துது" என்றான்.

இவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று ஐயத்தோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. சமூகச் சேவை அதில் ஒரு வரியாக ஏறும் என்பது உண்மைதான். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 75 மணி நேரச் சேவைக் கல்வியை முடிக்காமல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பே நிறைவு பெறாது. அங்கே அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். இங்கே மதிப்பெண் என்ற ஆசை. ஆறு பேரில் ஒருவன் முதல் மாதம் மணிக்கணக்கைக் குறித்துக்கொண்டு, கையொப்பம் கிடைத்ததும் மறைந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; இருந்தவரை ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்தான். மற்ற ஐவரும் கையொப்பத் தாளைக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. தைப்பூசத்திற்கு மறுநாள் காலை இந்த ஐவரும், வர விரும்பிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் தண்ணீர்ப் பந்தல்களைச் சுற்றிக் கிடந்த நெகிழிக் குவளைகளையும் தேங்காய்ச் சில்லுகளையும் இரண்டு மணி நேரம் பொறுக்கினார்கள். மலைக்கோயிலின் 513 படிகளை ஓடி ஏறலாமா என்று பிள்ளைகள் கெஞ்சியபோது, கோயில் படி பயிற்சிக் களம் அல்ல என்று மறுத்த அந்த ஐந்தாம் படிவப் பெண்ணின் நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் ஐந்து வாரமும் அவர்களிடம் முதலுதவிப் பெட்டி இல்லை. ஈரப்பாதையில் வழுக்கி ஒரு சிறுமியின் முழங்கால் கிழிந்தபோது, என் கைப்பையிலிருந்த ஒட்டுத்துணியும் குடிநீரும்தான் உதவின. அதன்பின் பெற்றோர் நாங்கள் காசு சேர்த்துப் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். இருந்தாலும், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் நடத்தும் வகுப்பில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இன்றுவரை எழுதப்படாமல்தான் இருக்கிறது. யாராவது ஒரு பெற்றோர் தங்கியிருப்பார் என்ற நம்பிக்கையில் எல்லாரும் இறக்கிவிட்டுப் போய்விட்ட ஒரு சனிக்கிழமையும் உண்டு. வகுப்பு ரத்தாகும் செய்தி சில நேரம் ஏழு மணிக்குத்தான் வருகிறது. அதற்குள் நாங்கள் பாதி வழி வந்திருப்போம். புகைமூட்டம் வந்து காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஓட்டம் இல்லை என்ற முடிவை முந்தின இரவே அறிவித்த ஒருமுறை மட்டும் பாராட்டினேன்.

ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம்.-இன் முன்னோட்டத் தேர்வு நெருங்கியதும் வகுப்பு நின்றுபோவது இதைவிடப் பெரிய குறை. ஐந்தாம் படிவத்தினர் விலகியபின் நான்காம் படிவத்தினர் இருவர் மட்டும் இரண்டு வாரம் இழுத்துப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். படிக்க வேண்டிய பிள்ளைகளிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமல்ல. பொறுப்பை அடுத்த அணிக்கு முன்கூட்டியே ஒப்படைத்திருந்தால் இந்த இடைவெளி வந்திருக்காது என்று அவர்களிடமே சொன்னேன், தலையாட்டினார்கள்.

மாவட்டப் போட்டியில் பதக்கம் வேண்டும் என்று நினைக்கிற பெற்றோருக்கு இந்த வகுப்பு போதாது. தொடக்கக் கட்டையிலிருந்து புறப்படும் முறையையோ தடை தாண்டுவதையோ இங்கே கற்றுக்கொடுப்பதில்லை. ஓட்டம் என்றாலே தண்டனை என்று பயந்து நிற்கும் பிள்ளைக்கும், கைப்பேசியை விட்டு எழாத பிள்ளைக்கும் பினாங்குத் தீவில் இதைவிடப் பொருத்தமான வகுப்பை நான் பார்க்கவில்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்; பிடித்துவைத்த அந்த ஒன்று பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு உரியது.

ஜனவரியில் மீண்டும் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாதத்தில் 7.20-க்கு மேல்தான் விடியும் என்பதால், இருட்டில் இறக்கிவிட்டுப் போகாமல் வெளிச்சம் வரும்வரையாவது கூட இருங்கள். வண்டி நிறுத்த இடம் வேண்டுமானால் ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். தண்ணீரும் மாற்றுச் சட்டையும் கொடுத்தனுப்புங்கள், வாழைப்பழம் மட்டும் வேண்டாம். தாவரவியல் பூங்காப் பக்கத்துக் குரங்குகள் ஏப்ரல் மாதத்தில் என் மகனின் பையையே தூக்கிக்கொண்டு போய்விட்டன, அன்றைக்கு அவனுக்குப் பயிற்சி அளிக்கும் பையன் ஓடிய ஓட்டத்திற்கு யாரும் நேரம் குறிக்கவில்லை.