கார் ஆம்ப்பின் கெயின் அமைக்க டிஎஸ்ஓ 138 ஆஸிலாஸ்கோப்: ஒரு மதிப்புரை

ஜேஒய்இ டெக் நிறுவனத்தின் டிஎஸ்ஓ 138, மின்னணுவியல் பழகுபவர்கள் தாங்களே சால்டர் வைத்துப் பூட்டிக்கொள்வதற்கென்று வந்த ஆஸிலாஸ்கோப் கிட்; ஆஸிலாஸ்கோப் என்பது மின் அலையின் வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. 2.4 அங்குலத் திரை, ஒரே ஒரு சானல், 200 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைக் காட்டும் திறன், நொடிக்கு 10 லட்சம் மாதிரிகள் என்ற அளவோடு நின்றுவிடும் இந்தக் கருவியை ஆய்வகத்தில் யாரும் பெரிதாக மதிக்கப்போவதில்லை. ஆனால் கார் ஆடியோவில் நாம் பார்க்க வேண்டியது 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி அலைகளைத்தான். அதிலும் ஆம்ப்பின் (ஒலிச் சிக்னலைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயரின்) கெயினை அமைப்பதற்கு 40 ஹெர்ட்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு சைன் அலைகளே போதும். அந்த ஒரு வேலைக்கு இது தகுமா என்பது மட்டுமே இந்த மதிப்புரையின் பொருள். தகும் என்பதே என் முடிவு, ஆனால் பெட்டியில் கூடவே வரும் வயரை நம்பி அல்ல.

கருவிக்குள் போவதற்கு முன், வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஆம்ப்பின் மேல் இருக்கும் கெயின் குமிழைப் பெரும்பாலானோர் இரண்டாவது வால்யூமாகவே நினைக்கிறார்கள், வண்டியில் ஆம்ப் பூட்டித் தரும் கடைகளிலும், பாட்டை ஓடவிட்டு, கண்ணாடி அதிரும் வரை குமிழைத் திருகி, பேஸ் பூஸ்ட்டையும் ஒரு சுற்று ஏற்றி, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்பதுதான் வழக்கமாக இருக்கிறது. உண்மையில் கெயின் என்பது ஹெட் யூனிட்டின் (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவின்) ஆர்சிஏ என்ற சிக்னல் வயர் வழியாக வரும் 2 வோல்ட்டையோ 4 வோல்ட்டையோ ஆம்ப் எந்த இடத்தில் தன் முழு வெளியீடாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பாடு. குமிழை எங்கே வைத்தாலும் ஆம்ப்பின் உச்சத் திறன் மாறுவதில்லை. அந்த உச்சத்தை வால்யூமின் எந்த எண்ணில் தொடுகிறோம் என்பது மட்டுமே மாறுகிறது. தேவைக்கு மேல் ஏற்றிவிட்டால், வால்யூம் பாதி தூரம் போகும்போதே ஆம்ப் தன் மின்னழுத்த எல்லையை முட்டி, சைன் அலையின் மேல் முனையும் கீழ் முனையும் சீவிவிட்டதைப் போலத் தட்டையாகிவிடும். கிளிப்பிங் என்று சொல்லப்படுவது இதுதான்.

கிளிப்பிங் என்றால் ஒலி கரகரக்கும், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. ஒரே உச்ச மின்னழுத்தம் கொண்ட சைன் அலையோடு ஒப்பிட்டால், முழுச் சதுரமாகிவிட்ட அலை ஸ்பீக்கருக்குள் இரண்டு மடங்கு திறனைத் தள்ளுகிறது. 300 வாட் தாங்கும் சப் ஊஃபரை (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரை) 300 வாட் ஆம்ப்பில் இணைத்தும் அதன் உள்ளிருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கருகிப்போனதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டரின் நிலை இன்னும் மோசம்: தட்டையான முனைகளிலிருந்து கிளம்பும் உயர் அலைகள், ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரைத் தாண்டி நேராக அதனிடம்தான் போய்ச் சேர்கின்றன. கேட்பவரின் காதோ, சப் ஊஃபரின் தாழ்ந்த ஒலியில் கணிசமான சிதைவு வந்த பிறகும் அதைக் கண்டுகொள்வதில்லை. "பேஸ் கொஞ்சம் கனமாக இருக்கிறது" என்று மகிழவும் செய்கிறது. ஆகவே காதை நம்பிக் கெயின் வைப்பதை நான் ஏற்பதில்லை, எவ்வளவு அனுபவமுள்ளவர் வைத்தாலும்.

அடுத்தபடியாகப் பலரும் கையில் எடுப்பது மல்டிமீட்டர். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்பின் வாட்டையும் ஸ்பீக்கரின் ஓமையும் பெருக்கி, அதன் வர்க்கமூலம் எத்தனை வோல்ட்டோ அந்த அளவு வரும்வரை குமிழைத் திருப்புவது இந்த முறை. 4 ஓமில் 75 வாட் என்றால் 17.3 வோல்ட், 100 வாட் என்றால் 20 வோல்ட். கணக்கு சரியானதே, ஆனால் அது ஆம்ப்பின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் உண்மையாக இருந்தால் மட்டும். 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பக்கவாட்டில் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றே ஒன்று செருகியிருக்கும் ஆம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 13.8 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 414 வாட்தான். ஏபி வகை ஆம்ப்பாக இருந்தால் அதில் கணிசமான பகுதி வெப்பமாகிப்போய், வெளியே வருவது 250 வாட்டை ஒட்டி நிற்கும். அந்த ஆம்ப்பில் 1000 வாட்டுக்கான 63 வோல்ட்டைத் தேடிக் குமிழைத் திருப்புகிறவர் கடைசிவரை திருப்பிக்கொண்டே இருப்பார். மீட்டரும் தன் பாட்டுக்கு ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அலை எப்போது தட்டையானது என்பது யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, எல்லோர் வீட்டிலும் கிடக்கும் மஞ்சள் நிற டிடி 830 வகை மீட்டரில் ஏசி அளவு 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்குகிறது. சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் அளவை நம்பவும் முடியாது என்பதால் 1 கிலோஹெர்ட்ஸ் சோதனைக்கு அது உதவாது.

டிஎஸ்ஓ 138 இந்த இடத்தில்தான் தன் விலைக்கு மேல் வேலை செய்கிறது. வாட் எவ்வளவு என்று யாரிடமும் கேட்காமல், இந்த ஆம்ப் இந்த பேட்டரியில் எந்த இடத்தில் முட்டுகிறது என்பதை அது கண்ணெதிரே காட்டிவிடுகிறது. நேர அளவை 40 ஹெர்ட்ஸுக்கு ஒரு கட்டத்துக்கு 5 மில்லி விநாடி என்றும், 1 கிலோஹெர்ட்ஸுக்கு 0.2 மில்லி விநாடி என்றும் வைத்தால், இரண்டு அலைகளுக்குச் சற்று மேல் திரையில் நிற்கும். முனை உருண்டையாக இருக்கிறதா, மழுங்குகிறதா என்று பார்க்க அது வசதியான அளவு. ஓகே பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உச்சம் முதல் உச்சம் வரையிலான வோல்ட், அலையெண் முதலியவை எண்களாகவும் திரையில் வரும்.

இனி குறைக்கு வருகிறேன். இந்தக் கருவியின் மிகப் பெரிய அளவு ஒரு கட்டத்துக்கு 5 வோல்ட். திரையில் மேலிருந்து கீழாக 8 கட்டங்கள். ஆக, முதலைவாய்க் கிளிப் கொண்ட அந்தச் சிவப்பு கறுப்பு வயரை நேரடியாக மாட்டினால், அது காட்டக்கூடியது உச்சம் முதல் உச்சம் வரை 40 வோல்ட் மட்டுமே. 4 ஓம் கணக்கில் அது 50 வாட். 75 வாட் சானல் ஒன்று ஒழுங்காக இயங்கும்போதே 49 வோல்ட் வரும். அப்போது திரையில் அலையின் முனைகள் தட்டையாகத் தெரியும், ஆனால் தட்டையாக்கியது ஆம்ப் அல்ல, ஆஸிலாஸ்கோப். இதை அறியாதவர் ஆம்ப் கிளிப் ஆகிறது என்று நினைத்துக் கெயினைக் குறைத்துவிட்டு, வாங்கிய வாட்டை முழுதாகப் பயன்படுத்தாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். இன்னும் பெரிய ஆம்ப்பில் ஆபத்தும் உண்டு: உள்ளீட்டின் எல்லை 50 வோல்ட் உச்சம் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கையில், 4 ஓமில் 500 வாட் தரும் மோனோ ஆம்ப்பின் உச்சமோ 63 வோல்ட்.

தீர்வு எளிது. ஆஸிலாஸ்கோப்புக்கென்று தனியாக விற்கும் 10 மடங்கு புரோப் (வோல்ட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் கருவிக்குக் கொடுக்கும் அளவு வயர்) ஒன்றை வாங்கிவிட வேண்டும். அதை மாட்டி, கருவியின் சுவிட்சுகளை ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட்டில் வைத்தால், உண்மையில் ஒரு கட்டம் 10 வோல்ட் ஆகிவிடுகிறது. 100 வாட் சானலின் 56.6 வோல்ட் அலை ஐந்தரைக் கட்டங்களுக்குச் சற்று மேலாக, மேலும் கீழும் இடம் விட்டு அழகாக அமர்ந்துகொள்கிறது. திரைக்குப் புரோப்பைப் பற்றி எதுவும் தெரியாது என்பதால், அது காட்டும் வோல்ட்டை நாமே பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். புரோப்பின் விலையைச் சேர்த்தே இந்தக் கருவியின் விலையைக் கணக்கிடுவது நேர்மை.

மின்சாரம் கொடுப்பதிலும் கவனம் தேவை. 9 வோல்ட் டிசி வேண்டும். 10 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் வருவதோ எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிய அளவு. அதைக் குறைத்துக் கொடுக்கும் அடாப்டர் கிடைத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிக் கொடுத்தால் கருவியின் கிரவுண்டு காரின் உடலோடு இணைந்துவிடும். பிரிட்ஜ் செய்த (இரண்டு சானல்களை ஒன்றாக்கி ஓட்டும்) ஆம்ப்பிலும், பெரும்பாலான ஹெட் யூனிட்டுகளின் உள் ஆம்ப்பிலும் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்டு அல்ல; அங்கேயும் சிக்னல் ஓடுகிறது. புரோப்பின் கிரவுண்டு கிளிப்பை அதில் மாட்டிய கணமே ஆம்ப்பின் ஒரு பக்கம் ஷார்ட் ஆகிவிடும். தனியான 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் இந்தச் சிக்கலே எழாது. 120 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுப்பதால் மலிவு பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும்; நல்ல ஆல்கலைன் பேட்டரி ஒன்று வேலை முடியும் வரை தாங்கும். உறை இல்லாத திறந்த பலகையாக வருவதால், சீட்டின் இரும்புச் சட்டத்தின் மேலோ டிக்கியில் ஆம்ப்பின் மேலோ அப்படியே வைத்துவிடாமல், அக்ரிலிக் உறை ஒன்று போட்டுவிடுவது நல்லது.

வேலையைத் தொடங்கும் ஒழுங்கு முக்கியம். சோதனை ஒலியை இணையக் காணொளியிலிருந்து ப்ளூடூத் வழியாக ஓட்டுவது வீண். ஆடாசிட்டி மென்பொருளில் சைன் அலையை உருவாக்கி, அலைவீச்சை 1 என்று கொடுத்தால் 0 டெசிபெல் (கோப்பில் பதியக்கூடிய உச்ச அளவு), 0.562 என்று கொடுத்தால் மைனஸ் 5 டெசிபெல். அதை வேவ் கோப்பாகப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, ஈக்வலைசரைச் சமமாக்கி, லவுட்னெஸ், பேஸ் பூஸ்ட் இரண்டையும் அணைத்துவிட்டு, முதலில் ஹெட் யூனிட்டைப் பார்க்க வேண்டும். ஆர்சிஏ முனையில் 0 டெசிபெல் ஒலியோடு வால்யூமை ஒவ்வொரு எண்ணாக ஏற்றினால், சில ஹெட் யூனிட்டுகள் கடைசி எண் வரை சுத்தமாக இருக்கும். சிலவற்றில் கடைசிக்குச் சில எண்கள் முன்பே முனை மழுங்கும். மழுங்குவதற்கு ஓர் எண் கீழே நிறுத்தினால், அதுவே இனி இந்தக் காரின் வால்யூம் எல்லை. 4 வோல்ட் ஆர்சிஏ என்றாலும் உச்சம் முதல் உச்சம் 11.3 வோல்ட்தான் என்பதால், இந்த ஒரு படிக்கு மட்டும் பெட்டியில் வந்த வயரே போதும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் புரோப்பை மாட்டி, கெயினைக் கீழிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். முனை தட்டையாவதைக் கண்ணால் பிடிக்கக் காத்திருப்பதைவிட எண்ணைக் கவனிப்பதே மேல் என்பது என் கருத்து. இவ்வளவு சிறிய திரையில் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிவதற்குள் ஒரு சில சதவீதச் சிதைவு ஏற்கெனவே வந்திருக்கும். குமிழைத் திருப்பத் திருப்ப ஏறிக்கொண்டே வந்த வோல்ட் எண், ஓர் இடத்தில் ஏறத் தயங்கும். அங்கே நின்று, சற்றே கீழே இறக்கினால் போதும். ஸ்பீக்கர் இல்லாமல் அளக்கும்போது ஆம்ப் கொஞ்சம் அதிக வோல்ட் வரை போகும் என்பதையும், சுமை ஏறியதும் அந்த எல்லை இறங்கிவிடும் என்பதையும் மனத்தில் வைத்துத்தான் இந்த "சற்றே". ஸ்பீக்கர் தாங்கும் வாட் ஆம்ப்பைவிடக் குறைவாக இருந்தால், முட்டும் இடம் வரை போகாமல், ஸ்பீக்கரின் வாட்டுக்குரிய வோல்ட்டிலேயே நிறுத்திவிட வேண்டும்.

டி வகை ஆம்ப்பில் மாட்டியவுடன், கோடு மெல்லியதாக இல்லாமல் ஓரங்களில் மயிர் முளைத்ததைப் போலத் தடித்துத் தெரியும். ஆம்ப்பின் உள்ளே பல நூறு கிலோஹெர்ட்ஸில் நடக்கும் ஸ்விட்சிங்கின் மிச்சம் அது; இந்தக் கருவியின் எல்லைக்கு அப்பாற்பட்ட வேகம் என்பதால் உருவமே இல்லாத தூசியாகக் காட்டுகிறது. பழுது என்று பயப்பட வேண்டாம். தடித்த கோட்டின் நடுவைப் பார்த்துப் படிக்கப் பழகிக்கொள்ளலாம்.

0 டெசிபெல்லா, மைனஸ் 5 டெசிபெல்லா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மைனஸ் 5 ஒலியை வைத்துக் கெயின் அமைத்தால், பாடலில் அதற்கு மேல் எழும் உச்சங்கள் வெட்டுப்படும். பதிலுக்கு, தாழ்ந்த அளவில் பதிவான பாடல்கள் நிறைந்து ஒலிக்கும். இப்போது வெளிவரும் திரைப்பாடல்கள் பெரும்பாலும் உச்சத்தை ஒட்டியே பதிவாகின்றன என்பதால், சப் ஊஃபருக்கு 0 டெசிபெல்லைத்தான் நான் சொல்வேன். எழுபதுகள், எண்பதுகளின் பழைய பதிவுகளை மட்டுமே கேட்கிறவர், கதவு ஸ்பீக்கர்களுக்கு மைனஸ் 5 வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இதே வேலைக்கென்றே வந்த கருவியும் உண்டு. டி'அமோர் எஞ்சினியரிங் தயாரிக்கும் டிடி-1 என்ற அந்தக் கருவியில் அலையைக் காட்டும் திரை கிடையாது. 40 ஹெர்ட்ஸிலும் 1 கிலோஹெர்ட்ஸிலும் சிதைவு 1 சதவீதத்தைத் தொட்டதும் விளக்கு எரியும். கண்ணின் கணிப்புக்கு அங்கே வேலை இல்லை என்பதால் துல்லியத்தில் அது ஒரு படி மேல்தான். தினமும் வண்டிக்கு ஆம்ப் பூட்டும் கடைக்காரர் அதை வாங்குவதே முறை. ஒரே ஒரு காருக்காக, டிஎஸ்ஓ 138-ஐப் போலப் பல மடங்கு விலை கொடுத்து அதை இறக்குமதி செய்ய வேண்டுமா என்பது என் சந்தேகம்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது, சந்தையில் நகல்கள் ஏராளம் என்பது. தயாரிப்பாளரே தம் தளத்தில் போலிகளைப் பற்றி எச்சரித்திருக்கிறார். சால்டர் பழக்கமில்லாதவர்கள் முழுமையாகப் பூட்டிச் சோதித்த பலகையையே கேட்டு வாங்கலாம். வந்தவுடன், பலகையிலேயே இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ், 3.3 வோல்ட் சோதனைச் சிக்னலில் கிளிப்பை மாட்டி, சதுர அலையின் மூலைகள் நேராக வரும்வரை இரண்டு சிறிய டிரிம்மர்களைத் திருகிச் சரிசெய்துகொள்ள வேண்டும்; பின்பு 10 மடங்கு புரோப்பை மாட்டி, அதன் திருகையும் அதே அலையில் சரிபார்த்துவிட்டால் கருவி காருக்குள் போகத் தயார்.